மூளைக்குப் போகும் காசநோய்

காசநோய் என்றால் இருமலும் சளியும் என்றே பழகிவிட்டோம். அதே கிருமி ரத்தத்தில் கலந்து மூளையின் உறைக்கும் போகும். அப்போது இருமல் இல்லாமலும் இருக்கலாம். விட்டு விட்டுக் காய்ச்சல், நாளுக்கு நாள் கூடும் தலைவலி, வாந்தி, குழந்தையானால் காரணமில்லாத சிணுங்கல். வாரக்கணக்கில் மெடிக்கல் ஷாப் மாத்திரையில் ஓட்டிவிட்டு, கழுத்து விறைத்து வலிப்பு வந்த பிறகுதான் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறோம்.

அங்கே போயும் ஒரு தாமதம். முதுகில் ஊசி போட்டு நீர் எடுக்க வேண்டும் என்றதும், "கால் வெளங்காமப் போயிடும்" என்று கையெழுத்துப் போட மறுக்கிறவர்கள் இன்றும் உண்டு. தண்டுவடம் முடிகிற இடத்துக்குக் கீழேதான் ஊசி இறங்குகிறது. பெரும்பாலும் சில நாள் தலைவலி வரலாம், அவ்வளவுதான். காலையும் உயிரையும் பறிப்பது நோய். அந்த நீரில் கிருமி மிகக் குறைவாகவே இருக்கும் என்பதால், சோதனையில் 'இல்லை' என்று வந்தாலும் மருத்துவர் சிகிச்சையைத் தொடங்கலாம், அது தவறல்ல.

நுரையீரல் காசநோய்க்குப் பொதுவாக 6 மாதம். மூளைக்கு 9 முதல் 12 மாதம். முதல் 2 மாதம் நான்கு மருந்துகள், பிறகு மூன்று. கூடவே ஸ்டீராய்டு, 6 முதல் 8 வாரங்களில் படிப்படியாகக் குறைப்பார்கள். பாதியில் நீங்களாக நிறுத்தினால் ஆபத்து. மூளையில் நீர் தேங்கினால் குழாய் வைக்கும் அறுவை சிகிச்சையும் தேவைப்படலாம். காய்ச்சல் விட்டதும் மாத்திரையை விடுகிறவர்கள் உண்டு, விடாதீர்கள். சிலருக்கு மருந்து வேலை செய்யும்போதே மூளையில் உள்ள காசநோய்க் கட்டி பெரிதாகும். மருந்து பலிக்கவில்லை என்று முடிவுகட்ட வேண்டாம், மருத்துவரிடம் போங்கள். சிறுநீர் ஆரஞ்சு நிறமாவது சாதாரணம். கண் மஞ்சளானாலோ பார்வை மங்கினாலோ அன்றே காட்டுங்கள். வலிப்பு மருந்தோ கருத்தடை மாத்திரையோ சாப்பிட்டால் முன்பே சொல்லிவிடுங்கள். காசநோய் மருந்து அவற்றின் வீரியத்தைக் குறைக்கலாம்.

மருந்து இலவசம், தனியார் மருத்துவமனை நோயாளிக்கும் அது உண்டு. உங்கள் பெயரை அரசின் நிக்ஷய் தளத்தில் பதிவது மருத்துவரின் கடமை. பதிந்தால் ஊட்டச்சத்துக்காக மாதம் 1000 ரூபாய் வங்கிக் கணக்குக்கு வரும். 2024 நவம்பருக்கு முன் அது 500. நோய் தீர்ந்தும் கைகால் பலவீனமோ பார்வைக் குறையோ நிலைத்துவிட்டால், மாற்றுத்திறனாளி சான்றிதழுக்கு விண்ணப்பிக்கலாம். நுரையீரலிலும் நோய் இல்லாதவரை இது அடுத்தவருக்குத் தொற்றாது. தனித் தட்டு, தனி அறை எல்லாம் வெறும் கொடுமை.

பிறந்த குழந்தைக்கு காசநோய்த் தடுப்பூசியான பி.சி.ஜி.யைத் தவறாமல் போடுங்கள். சந்தேகமோ உதவியோ என்றால் 1800-11-6666 என்ற கட்டணமில்லா எண்ணில் கேளுங்கள்.