சம்பளத்தைத் தொடாமல் கோடைத் திருத்துவது எப்படி? தோட்டக் கணக்கு வழியே 'ரீஃபேக்டரிங்' விளக்கம்

2025 பிப்ரவரி 1ஆம் தேதி, ஐந்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களில் மலேசியாவின் குறைந்தபட்ச சம்பளம் 1,500 ரிங்கிட்டிலிருந்து 1,700 ரிங்கிட்டாக உயர்ந்தது. செய்தியில் இது ஒரே வரி. நெகிரி செம்பிலானில் லிங்கி, ரந்தாவ், பகாவ் பக்கம் ஒரு தோட்ட அலுவலகத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அங்கே சம்பளம் போடும் மென்பொருளில் 1500 என்ற எண்ணை மாற்ற வேண்டும். அவ்வளவுதானே? ஆனால், அந்த எண் கோடுக்குள் எத்தனை இடத்தில் இருக்கிறது?

இந்தக் கேள்விக்கு உடனே பதில் சொல்ல முடியாவிட்டால், அந்த மென்பொருளுக்கு ரீஃபேக்டரிங் தேவை.

ரீஃபேக்டரிங் என்றால் என்ன?

மென்பொருள் வெளியே தரும் விடையை மாற்றாமல், உள்ளே கோடின் அமைப்பை மட்டும் சீர்செய்வதுதான் ரீஃபேக்டரிங். நேற்று வந்த அதே சம்பளச் சீட்டு, காசு கூடாமல் குறையாமல் இன்றும் வர வேண்டும். கோட் மட்டும் படிக்கவும் மாற்றவும் எளிதாகியிருக்க வேண்டும்.

வில்லியம் ஒப்டைக் 1992இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் இதைப் பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய்தார். 1999இல் மார்ட்டின் ஃபவுலர் எழுதிய புத்தகம்தான் இதை உலகம் முழுக்க நிரலாளர்களிடம் கொண்டு சேர்த்தது.

நல்ல கோட் ஏன் கெட்டுப்போகிறது?

முன்பு பெரட்டு முடிந்ததும் கிராணி கையால் செக்ரோல் எழுதுவார். இப்போது அந்த வேலையைக் கணினி செய்கிறது. கற்பனைக்கு, 2013இல் எழுதப்பட்ட ஒரு சம்பள மென்பொருளை எடுத்துக்கொள்வோம். அதற்குப் பிறகு விதிகள் மாறிய வரிசையைப் பாருங்கள்:

• 2013: தீபகற்பத்தில் குறைந்தபட்ச சம்பளம் 900 ரிங்கிட்
• 2016: 1,000 ரிங்கிட்
• 2019: 1,100 ரிங்கிட்
• 2020: 56 மாநகர, நகராண்மைக் கழகப் பகுதிகளில் மட்டும் 1,200 ரிங்கிட்
• 2022: 1,500 ரிங்கிட்
• 2023: வார வேலை நேரம் 48 மணியிலிருந்து 45 மணியாகக் குறைப்பு
• 2025: 1,700 ரிங்கிட், அக்டோபர் சம்பளத்திலிருந்து வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கும் இபிஎஃப் கட்டாயம்

ஒவ்வொரு முறையும் யாரோ ஒருவர் அவசரத்தில் ஒரு ஒட்டுப் போட்டிருப்பார். "அப்புறம் சரி பண்ணிக்கலாம்" என்று விட்டிருப்பார். வார்ட் கன்னிங்ஹாம் 1992இல் இதைக் கடனுக்கு ஒப்பிட்டார். கடன் வாங்குவது தப்பில்லை, அடைக்காமல் விட்டால் வட்டி ஏறிக்கொண்டே போகும். கோடில் அந்த வட்டி என்பது, அடுத்த மாற்றத்துக்கு ஆகும் கூடுதல் நேரமும் அதில் வரும் பிழையும்.

இதில் யாருக்கு நஷ்டம்?

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மாதச் சம்பளக்காரரின் ஒரு நாள் சம்பளத்தைக் கண்டுபிடிக்க, வேலைச் சட்டப்படி மாதச் சம்பளத்தை 26ஆல் வகுக்க வேண்டும். 1,700 என்றால் 65 ரிங்கிட் 38 சென். 1,500 என்றால் 57 ரிங்கிட் 69 சென்.

பொது விடுமுறைச் சம்பளம் போடும் பகுதியில் மட்டும் பழைய 1500 அப்படியே நின்றுவிட்டது என்று வையுங்கள். ஒரு நாளுக்கு 7 ரிங்கிட் 69 சென் குறையும். சட்டம் தரும் 11 பொது விடுமுறைகளுக்கு, ஓராண்டில் ஒருவருக்கு 84 ரிங்கிட் 59 சென். 200 பேர் வேலை செய்யும் தோட்டம் என்றால் 16,918 ரிங்கிட். மென்பொருள் எந்தப் பிழைச் செய்தியும் காட்டாது. சீட்டு ஒழுங்காக அச்சாகும். யாருக்கும் சந்தேகம் வராது.

எங்கிருந்து தொடங்குவது?

முதல் வேலை கோடைத் தொடுவது இல்லை, சோதனை எழுதுவது. கடந்த சில மாதங்களின் செக்ரோலை உள்ளே கொடுத்து, வரும் தொகைகளைப் பதிவு செய்துகொள்ளுங்கள். அதன் பிறகு ஒவ்வொன்றாக:

• எண்ணுக்குப் பெயர் வையுங்கள். 1500, 26 என்று ஆங்காங்கே இருப்பதை 'குறைந்தபட்ச சம்பளம்', 'வகுக்கும் நாள்' என்று ஒரே இடத்தில் வையுங்கள். எந்தத் தேதியிலிருந்து எந்தத் தொகை என்பதையும் அங்கேயே எழுதுங்கள்.
• நீண்ட செயல்கூறைப் பிரியுங்கள். பால்மரத் தோட்டத்தில் ஆளுக்கு ஒரு நிரை. அதுபோல வருகைக்கு ஒன்று, கூடுதல் நேரத்துக்கு ஒன்று, இபிஎஃப் பிடித்தத்துக்கு ஒன்று.
• செத்த கோடை நீக்குங்கள். 2020இன் 'எந்த ஊர்' என்ற நிபந்தனை 2022க்குப் பிறகு தேவையில்லை. பழைய மாதக் கணக்கை மறுபடி போட வேண்டியிருந்தால், அந்த விதியைத் தேதிப் பட்டியலுக்கு மாற்றுங்கள்.

ஒரு மாற்றம், ஒரு சோதனை. தொகை ஒத்துப்போனால் அடுத்ததுக்குப் போங்கள். போகவில்லையா? கடைசியாகச் செய்த மாற்றத்தைத் திரும்பப் பெறுங்கள்.

செத்த கோட் சும்மாதானே கிடக்கிறது என்று நினைக்காதீர்கள். 2012 ஆகஸ்ட் 1ஆம் தேதி, அமெரிக்கப் பங்குவர்த்தக நிறுவனமான நைட் கேப்பிட்டலில் பல ஆண்டுகளாகப் பயன்படாத கோட் ஒரு சர்வரில் தவறுதலாக உயிர்பெற்றது. சுமார் 45 நிமிடத்தில் 40 கோடி டாலருக்கு மேல் போய்விட்டது.

மொத்தமா அழிச்சிட்டுப் புதுசா எழுதினா என்ன?

செம்பனையை ஏறக்குறைய 25 ஆண்டுக்கு ஒருமுறை மறுநடவு செய்வார்கள். புதுக் கன்று காய்க்க சுமார் மூன்று ஆண்டு ஆகும். அதனால்தான் ஒரே நேரத்தில் தோட்டம் முழுக்க வெட்டிச் சாய்ப்பதில்லை, பகுதி பகுதியாகத்தான் நடுவார்கள். ஒரு பக்கம் கன்று வளரும்போது மறுபக்கம் அறுவடை நடக்கும்.

நெட்ஸ்கேப் நிறுவனம் தன் உலாவியை அடியிலிருந்து புதிதாக எழுதப் போனது. நான்காம் பதிப்பு வந்தது 1997இல். அடுத்த பெரிய பதிப்பு 2000இன் இறுதியில்தான் வந்தது. அதற்குள் மைக்ரோசாஃப்ட் சந்தையைப் பிடித்துவிட்டது. புதிதாக எழுதவே கூடாது என்பதில்லை. ஆனால், அந்த இடைக்காலத்திலும் சம்பளம் போட்டாக வேண்டும்.

பழைய கணக்கே தப்பா இருந்தா?

புதியவர்கள் பலர் சறுக்கும் இடம் இது. கோடைச் சீர்செய்யும்போது, மேலே சொன்ன விடுமுறைச் சம்பளப் பிழை கண்ணில் படுகிறது. கையோடு திருத்திவிடலாமே?

வேண்டாம். ரீஃபேக்டரிங்கையும் பிழைத் திருத்தத்தையும் ஒரே மாற்றத்தில் கலக்காதீர்கள். சத்தமில்லாமல் திருத்தினால் அடுத்த மாதச் சீட்டு சரியாகிவிடும். ஆனால், போன மாதங்களில் குறைந்த பணம் யார் கண்ணிலும் படாமல் போகும். அது தொழிலாளருக்குச் சேர வேண்டிய நிலுவை. பிழையை எழுதி வையுங்கள், பொறுப்பாளரிடம் சொல்லுங்கள், எந்த மாதத்திலிருந்து எத்தனை பேருக்கு என்று கணக்கெடுங்கள். பிறகு தனி மாற்றமாகத் திருத்துங்கள்.

எப்போது கை வைக்கக் கூடாது?

சோதனை இல்லாதபோது. சீக்கிரமே தூக்கிப்போடப் போகும் மென்பொருளில். முக்கியமாக, சம்பள வாரத்தில். சம்பளக் காலம் முடிந்த ஏழாம் நாளுக்குள் பணம் கொடுத்தாக வேண்டும் என்பது சட்டம். அந்த ஏழு நாளும் கோடை விட்டுவிட்டுச் சம்பளத்தைப் போடுங்கள். எட்டாம் நாள், முதல் சோதனையை எழுதத் தொடங்கலாம்.