தீவகத்தின் பொருட்களுக்குத் தீவகத்தில் ஒரு வீடு

யாழ்ப்பாணத்திலிருந்து குறிகட்டுவான் போகும் 776 ஆம் இலக்கப் பஸ் பண்ணைப் பாலத்தைக் கடந்து, மண்டைதீவுச் சந்தியைத் தாண்டினால் அல்லைப்பிட்டி வந்துவிடும். நயினாதீவுக்கு நேர்த்திக்குப் போகிறவர்கள் கண்ணயரத் தொடங்கும் இடம் அது. இரு பக்கமும் பனையும் வெளியுந்தான். ஆனால் அந்த ஊர் மணலுக்குள் சீனத்துப் பீங்கான் கிடந்தது. 1970களின் பிற்பகுதியில் ஜோன் கார்ஸ்வெல் என்ற தொல்லியலாளர் அதை ஆராய்ந்து உலகத்துக்குச் சொன்னார். 2018இல் ஷாங்காய் நூதனசாலையின் ஆய்வாளர்கள் இலங்கைத் தொல்லியலாளரோடு சேர்ந்து அங்கே மறுபடி அகழ்ந்தார்கள். கிடைத்தவை 11, 12ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த சொங் வம்சக் காலத்துக் கிண்ணங்கள், தட்டுகள், சாடிகள் ஆகியவற்றின் உடைவுகள். தென்சீனத்துச் சூளைகளில் சுட்ட பாண்டங்கள் கப்பலேறி, கடல் கடந்து நமது கரையில் இறங்கியிருக்கின்றன.

அவை ஏன் இங்கே வந்தன என்பதற்கு விடையின் ஒரு துண்டு நயினாதீவில் இருக்கிறது. நாகபூஷணி அம்மன் கோயிலில் உள்ள தமிழ்க் கல்வெட்டு முதலாம் பராக்கிரமபாகுவின் ஆணை. அவன் ஆண்ட காலம் 1153 முதல் 1186 வரை. பேராசிரியர் கா. இந்திரபாலா அதைப் படித்து 1963இல் வெளியிட்டார். வெளிநாட்டு வணிகர் ஊராத்துறையில், அதாவது இன்றைய ஊர்காவற்றுறையில், வந்திறங்க வேண்டும். அவர்களுக்குப் பாதுகாப்பு உண்டு என்கிறது கல்வெட்டு. யானையும் குதிரையும் ஏற்றிவந்த மரக்கலம் உடைந்தால் நாலில் ஒரு பங்கு அரசுக்கு, மூன்று பங்கு உடையவனுக்கு. வணிகச் சரக்கு ஏற்றிய மரக்கலம் உடைந்தால் பாதிக்குப் பாதி. சிங்கள மன்னன் ஒருவன் தமிழில் வெட்டுவித்த கடல் வணிகச் சட்டம் இது. கல்வெட்டையும் பீங்கானையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், ஒரு பிள்ளைக்குத் தீவகத்தின் கதை அரை மணித்தியாலத்தில் விளங்கிவிடும். அப்படி வைத்துக் காட்ட நமக்கு இடம் வேண்டும். புங்குடுதீவில், இறுப்பிட்டி போன்ற ஓர் ஊரில், பூட்டிக் கிடக்கும் பழைய கல்வீடுகளில் ஒன்றில் அது அமைய வேண்டும் என்பதே இந்தக் கட்டுரையின் வேண்டுகோள்.

அப்படி ஓர் இடம் வரும்வரை, யாழ்ப்பாண நகரில் பார்க்க நிறைய இருக்கிறது. தீவகத்துப் பாடசாலைகள் பிள்ளைகளை ஒருநாள் முழுக்க அங்கே கூட்டிக்கொண்டு போகலாம். நாவலர் வீதியில் தொல்பொருள் நூதனசாலை. வாசலில் ஒல்லாந்தர் பீரங்கிகளும் திமிங்கில எலும்புகளும் நிற்கும். உள்ளே கந்தரோடைச் சிற்பங்களோடு, கோட்டையில் மாட்டியிருந்த விக்டோரியா மகாராணியின் ஓவியமும் உண்டு. கோட்டைக்குள் போனால், போர்த்துக்கேயர் கட்டி, 1658இல் ஒல்லாந்தர் பிடித்துத் திருத்திய மதில்களைச் சுற்றி நடக்கலாம். அங்கே நடந்த அகழ்வுகள் கோட்டைக்கு முந்திய கதையைச் சொல்கின்றன. ஐரோப்பியர் வருவதற்கு எத்தனையோ நூற்றாண்டுகளுக்கு முன்பே சீன, அரபு, இந்தியப் பாண்டங்கள் அந்தக் கரைக்கு வந்துவிட்டன. 2020இல் சிவபூமி அறக்கட்டளை நாவற்குழியில் திறந்த அரும்பொருட்காட்சியகம், மக்களிடமிருந்தே பொருட்களைச் சேர்க்கலாம் என்பதைக் காட்டிவிட்டது. பொது நூலகத்துக்குப் பக்கத்தில் இந்திய உதவியில் எழுந்து, இப்போது திருவள்ளுவர் பெயரைத் தாங்கி நிற்கும் பண்பாட்டு மையத்திலும் நூதனசாலைக்கென்று இரண்டு மாடிகள் உண்டு.

பார்க்கப் போகிறவர்களுக்கு ஒரு சொல். எல்லாவற்றையும் பார்த்துவிட ஓடாதீர்கள். ஒரு கூடத்தில் ஒரு பொருளைத் தெரிந்தெடுத்து, அதன் முன்னால் நின்று, இதை யார் செய்தார், யார் பாவித்தார், எப்படி இங்கே வந்தது என்று பிள்ளையிடம் கேளுங்கள். மூன்றாவது கேள்விக்குத்தான் பெரும்பாலும் மறுமொழி இருக்காது. பொருள் கிடைத்த ஊரும், கொடுத்தவர் வீடும் எழுதப்படாமல் போனால் பாதிப் பொருள் போய்விட்டது என்றே நான் நினைக்கிறேன்.

இதை நன்றாக உணர்ந்த ஓவியர் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் தா. சனாதனன். 2004இல் பொது நூலகத்தில் நடந்த ‘அகம் புறம்’ கண்காட்சியில், போருக்குள் வாழ்ந்த குடும்பங்களிடம் வாங்கிய சாதாரணப் பொருட்களையே அவர் காட்சிக்கு வைத்தார். எரிந்து மீண்ட நூலகக் கட்டடத்துக்குள் அந்தப் பொருட்கள் இருந்தன என்பதை மறக்க முடியாது. 2011இல் வந்த அவருடைய ‘The Incomplete Thombu’ (முற்றுப்பெறாத தோம்பு) நூலுக்காக, இடம்பெயர்ந்த 80 பேர் தாம் இழந்த வீட்டின் படத்தை நினைவிலிருந்து கீறிக் கொடுத்தார்கள். ஒல்லாந்தர் வரி அறவிடக் காணியைப் பதிந்தது தோம்பு. இவர் பதிந்தது விட்டுவந்த முற்றத்தை, கிணற்றை, மாமரத்தை. ஓவியக்கூடம் எதற்கு என்று கேட்கிறவர்களுக்கு இந்த நூலைத்தான் காட்டுவேன். எஸ். ஆர். கனகசபை, அ. மாற்கு, ஆசை இராசையா என்று வந்த யாழ்ப்பாண ஓவிய மரபில் இது மிக முக்கியமான படைப்பு.

அந்த 80 வீடுகளைப் போன்ற வீடுகள்தான் புங்குடுதீவெங்கும் நிற்கின்றன. 1990, 91ஆம் ஆண்டுப் போரில் தீவகம் வெறுமையாயிற்று. ஊரவர்கள் வன்னிக்கும் கொழும்புக்கும் போனார்கள். பிறகு கனடாவுக்கும் சுவிசுக்கும் பிரான்சுக்கும் போனார்கள். நாற்சார் வீடுகளின் ஓடு சரிந்தது. கொழும்பில் கடை நடத்திய தலைமுறையின் கணக்குக் கொப்பிகளும் கல்லாப்பெட்டிகளும் போன இடம் தெரியாது.

இங்கே ஸ்பெயின் நாட்டின் மலகாவைச் சொல்ல வேண்டும். அதுவும் கடற்கரைப் பட்டினம். பினீசிய வணிகர் காலந்தொட்ட துறைமுகம். பிக்காசோ 1881இல் அங்கே பிறந்தார். பத்து வயதளவில் குடும்பத்தோடு ஊரைவிட்டுப் போனார். அவர் இறந்து முப்பது ஆண்டுகளின் பின், 2003இல், பிறந்த ஊரில் அவருக்கு நூதனசாலை திறந்தது. அதைச் சாத்தியமாக்கியவர்கள் அவருடைய மருமகள் கிறிஸ்டினும் பேரன் பெர்னாட்டும். தங்கள் கையில் இருந்த ஓவியங்களை அந்த ஊருக்குக் கொடுத்தார்கள். நூதனசாலை அமைந்த பழைய மாளிகையின் நிலவறைக்குப் போனால் பினீசியர் கட்டிய மதிலின் எச்சத்தையும் பார்க்கலாம். ஆனால் அதே மாளிகையில் முன்பு இருந்த நுண்கலை நூதனசாலை வெளியேற வேண்டி வந்தது. அதன் சேகரிப்பு ஏறக்குறைய இருபது ஆண்டுகள் பண்டகசாலையில் கிடந்தது. ஊர் மக்கள் விடவில்லை. துறைமுகத்தின் பழைய சுங்க மாளிகையை எங்களுக்குத் தாருங்கள் என்று தெருவில் இறங்கிக் கேட்டார்கள். 2016இல் அது நூதனசாலையாயிற்று. புலம்பெயர்ந்த குடும்பத்தின் கொடையும் ஊரில் இருந்தவர்களின் பிடிவாதமும் சேர்ந்து செய்த காரியம் இது. நமக்கு இரண்டும் இருக்கின்றன.

பார்க்க ஆள் வருமா என்ற கேள்வி தீவகத்தில் எழவே கூடாது. நாகபூஷணி அம்மனுக்கும் நாகவிகாரைக்கும் போகும் அடியார்கள், தமிழரும் சிங்களவருமாக, வேலணையிலிருந்து வாணர் தாம்போதி வழியே வந்து, புங்குடுதீவைக் கடந்துதான் குறிகட்டுவானில் படகேறுகிறார்கள். நெடுந்தீவின் ஒல்லாந்தர் கோட்டையையும் புறாக்கூட்டையும் பவளப்பாறை வேலிகளையும் பார்க்கப் போகிறவர்களுக்கும் அதே துறைதான். இத்தனை பேரில் புங்குடுதீவில் இறங்கிப் பார்ப்பவர் மிகச் சிலர். இறங்குவதற்கு ஒரு காரணம் கொடுத்தால் போதும்.

என்ன வைப்பது? பீங்கானின் சில மாதிரிகளையாவது தொல்லியல் திணைக்களத்திடம் கேட்டு வாங்க வேண்டும். கல்வெட்டின் படியும், எளிய தமிழில் அதன் பொருளும் வேண்டும். சிங்களத்திலும் எழுத வேண்டும். கரைவலை, பறி, வள்ளம், துலா, கடகம், சுளகு, கணக்குக் கொப்பி என எல்லாம் வேண்டும். பெருமையை மட்டும் வைத்தால் அது நூதனசாலை ஆகாது. 1971இல் புங்குடுதீவில் ஒடுக்கப்பட்ட மக்கள் கோயில் கிணற்றில் நன்னீர் அள்ளும் உரிமைக்காக எழுத்தாளர் மு. தளையசிங்கம் போராடினார், பொலிசாரிடம் அடிபட்டார், 1973இல், நாற்பது வயதுக்கு முன்னமே, மறைந்தார். தீவகத்தில் தண்ணீர் யாருக்குக் கிடைத்தது, யாருக்கு மறுக்கப்பட்டது என்பதற்கு ஒரு முழு அறை ஒதுக்க வேண்டும்.

உப்புக் காற்றில் பொருட்களைக் காப்பது கடினமான வேலை. கடலோர மண்ணில் கிடந்த மட்பாண்டத்துக்குள் உப்பு ஊறியிருக்கும். காய்ந்ததும் அது படிகமாகி மேற்பூச்சை உடைத்துத் தள்ளும். நன்னீரில் ஊறவைத்து, நீரை மாற்றி மாற்றி உப்பை இறக்க வேண்டும். நன்னீருக்கே தவிக்கும் தீவில் அதற்கும் சேர்த்துத் திட்டமிட வேண்டும். ஓலை ஏடுகளுக்கு எலுமிச்சைப்புல் எண்ணெய் தடவிப் பூச்சியைத் தடுக்கலாம். இவற்றைச் செய்ய ஊரிலேயே இரண்டு இளைஞருக்குச் சம்பளம் கொடுத்துப் பயிற்சி அளிப்பது, பெரிய கட்டடத்தை எழுப்பித் திறப்பு விழா நடத்துவதைவிட முக்கியம்.

கட்டடம் வரும்வரை காத்திருக்கவும் தேவையில்லை. 2005 முதல் ஈழத்துத் தமிழ் ஆவணங்களை எண்ணிம வடிவில் காத்துவரும் நூலகம் நிறுவனம் இருக்கிறது. பழைய கடிதம், உறுதி, திருமண அழைப்பிதழ், கடைக் கொப்பி, படம் எதுவானாலும் அவர்களுக்குக் காட்டலாம்.

இந்த விடுமுறைக்கு ஊருக்கு வருகிறவர்களிடம் கேட்பது இவ்வளவுதான்: பழைய வீட்டை இடிக்குமுன் உள்ளே போய்ப் பாருங்கள். பெட்டகத்தையும் பித்தளையையும் விற்றுவிடாதீர்கள். ஒவ்வொன்றையும் படம் எடுத்து, யாருடையது, எந்த வட்டாரம், எந்தக் காலம் என்று ஒரு கொப்பியில் எழுதி, ஊரிலுள்ள வாசிகசாலையில் ஒரு பிரதியைக் கொடுத்துவிட்டுப் போங்கள்.