புயல் கடலில் சீட்டாடியவர்கள்

கனடாவின் கிழக்குக் கரையில் நோவா ஸ்கோஷியா என்றொரு மாகாணம் இருக்கிறது. அதை ஒட்டிய வட அட்லாண்டிக் கடல் பொல்லாதது. 1960-களில் அந்தக் கடலில் பயணிகளை ஏற்றிச் செல்லும் ஃபெர்ரி கப்பல் ஒன்றில் வேடிக்கையான ஒரு சோதனை நடந்தது. ஏறியவர்களில் சிலர் ஆராய்ச்சியாளர்கள். வேறு சிலர் காது கேளாத அமெரிக்கர்கள். ஆட்டம் தாங்காமல் யார் எப்போது சுருண்டு படுக்கிறார்கள் என்று பார்ப்பதுதான் திட்டம்.

அலை எழும்பியது. ஆராய்ச்சியாளர்களுக்கு வயிற்றைப் புரட்டியது. குறிப்பெடுக்க வேண்டியவர்களே வாந்தி எடுத்துக் களைத்துப் போனதால் சோதனையைப் பாதியில் கைவிட வேண்டியதாயிற்று. காது கேளாதவர்களோ சீட்டு விளையாடிக்கொண்டும் சைகை மொழியில் கதை பேசிக்கொண்டும் உற்சாகமாக இருந்தார்கள்!

அவர்களுக்கு மட்டும் ஏன் ஒன்றும் ஆகவில்லை? காது என்றால் கேட்பதற்கு என்றுதான் நாம் நினைக்கிறோம். உட்செவிக்கு இன்னொரு வேலையும் உண்டு. ஒலியை உணரும் காக்ளியாவுக்குப் பக்கத்திலேயே மூன்று அரைவட்டக் குழல்கள் மூன்று திசைகளைப் பார்த்தபடி இருக்கின்றன. உள்ளே திரவம் நிறைந்திருக்கும். தலையைத் திருப்பினால் திரவம் சற்றுப் பின்தங்கும். அங்குள்ள நுண்ணிய மயிரிழைகள் வளைந்து, தலை திரும்புகிறது என்று மூளைக்குச் சேதி அனுப்பும். தட்டாமாலை சுற்றிவிட்டு நீங்கள் நின்ற பிறகும் இந்தத் திரவம் உடனே நிற்பதில்லை. அதனால்தான் வீடே சுற்றுவது போலத் தெரிகிறது. குழல்களுக்கு அருகே இரண்டு சிறு பைகளும் உண்டு. அவற்றில் உள்ள சுண்ணாம்புத் துகள்கள், மேலே போகிறோமா, கீழே போகிறோமா, எந்தப் பக்கம் சாய்கிறோம் என்பதைக் காட்டிக்கொடுக்கும்.

கப்பலின் அறைக்குள் உட்கார்ந்திருக்கும்போது எதிரே இருக்கும் சுவரும் பெஞ்சும் உங்களோடு சேர்ந்தே ஆடுகின்றன. ஆகவே கண் ‘எதுவும் அசையவில்லை’ என்கிறது. உட்செவி ‘ஏறுகிறோம், இறங்குகிறோம்’ என்கிறது. இரண்டும் ஒத்துப்போகாதபோது மூளை தடுமாறுகிறது. சரி, அதற்கு எதற்கு வாந்தி வரவேண்டும்? விஷத்தைத் தின்றாலும் இப்படித்தான் புலன்கள் குழம்பும். ஆகவே மூளை அதை விஷம் என்று தவறாக எடுத்துக்கொண்டு வெளியே தள்ளப் பார்க்கிறது என்று உளவியலறிஞர் மிஷெல் ட்ரீஸ்மன் 1977-இல் ஒரு கருத்தைச் சொன்னார். அது இன்னும் கருத்தாகவே இருக்கிறது. கடல் மயக்கம் எனப்படும் இந்தக் குமட்டல் பெரிய ஆளென்றும் பார்ப்பதில்லை. இயற்கை அறிஞர் சார்ல்ஸ் டார்வினை பீகிள் கப்பலில் அது படாத பாடு படுத்தியது.

கப்பலில் சீட்டாடியவர்கள், சிறு வயதில் வந்த கடும் நோயால் உட்செவியின் கேட்கும் பகுதி, சமநிலைப் பகுதி இரண்டையுமே இழந்தவர்கள். சமநிலையைச் சொல்லும் உறுப்பு வேலை செய்யாததால் கண்ணோடு மோத எந்தச் சேதியும் வரவில்லை. காது கேளாத எல்லாரும் இப்படி என்று எண்ணிவிடாதீர்கள். காக்ளியா மட்டும் பழுதானவர்களுக்கு நம்மைப் போலவே தலை சுற்றும். அமெரிக்க உளவியலறிஞர் வில்லியம் ஜேம்ஸ் 1882-இலேயே இந்த வேறுபாட்டைக் கவனித்திருந்தார். அவர் விசாரித்த 519 காது கேளாதோரில் 186 பேருக்குச் சுற்றினாலும் தலை சுற்றவே இல்லை.

கண் தெரியாதவர்களுக்குக் கடல் மயக்கம் வருமா? வரும். அப்படியென்றால் கண்ணோடு நடக்கும் மோதல் மட்டுமே காரணம் அல்ல. பார்வை இல்லாமலும் குமட்டும்; உட்செவி வேலை செய்யாவிட்டால் குமட்டாது. ஆக, இந்த நாடகத்தில் முக்கிய பாத்திரம் கண் அல்ல, காதுதான்.

விண்வெளிக்கு ஆள் அனுப்பத் தயாராகிக்கொண்டிருந்த அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசாவுக்கு இந்த அறிவு மிகவும் தேவைப்பட்டது. எடையற்ற நிலையிலும் இதே குழப்பம் வருமே! அமெரிக்கக் கடற்படையும் நாசாவும் சேர்ந்து, வாஷிங்டனில் உள்ள கல்லாடெட் என்னும் காது கேளாதோர் உயர்கல்வி நிறுவனத்திலிருந்து 11 பேரைத் தேர்ந்தெடுத்தன. அவர்களில் 10 பேர் மூளையுறைக் காய்ச்சலால் கேட்கும் திறனை இழந்தவர்கள். 1950-களின் இறுதியில் தொடங்கிய சோதனைகள் பத்தாண்டுக்கு நீண்டன. முதலில் சொன்ன கப்பல் சோதனையும் அவற்றில் ஒன்று. நிமிடத்துக்கு 10 முறை சுற்றிக்கொண்டே இருக்கும் ஓர் அறையில் நான்கு பேர் தொடர்ந்து 12 நாள் தங்கினார்கள். சாப்பாடு, தூக்கம் எல்லாம் அதற்குள்தான். அந்த 11 பேரில் ஒருவரைக்கூட விண்வெளிக்கு அனுப்பவில்லை. எனக்கு அது நியாயமாகப் படவில்லை.

குமட்டவில்லை என்பதற்காகக் கப்பல் பயணம் இப்படிப்பட்டவர்களுக்கு எப்போதும் சுகம் என்று சொல்ல முடியாது. உட்செவி உதவாததால் கண்ணையும் பாதத்தையும் நம்பித்தான் நிற்கிறார்கள். நீங்களே சுவரோரமாக, பெரியவர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, கண்ணை மூடி ஒற்றைக் காலில் நின்று பாருங்கள். காது ஒழுங்காக வேலை செய்தும் நமக்கே உடல் தள்ளாடுகிறது. ஆடும் தளத்தில் விளக்கு அணைந்துவிட்டால் அவர்கள் பாடு என்னவாகும்? பிடித்துக்கொள்ளக் கைப்பிடிக் கம்பியும் இரவில் வெளிச்சமும் அவர்களுக்கு உயிர் காக்கும் விஷயங்கள்.

இன்னொன்று, அறிவிப்பு. ‘உயிர் காக்கும் சட்டையைப் போட்டுக்கொள்ளுங்கள்’ என்று ஒலிபெருக்கியில் மட்டும் சொன்னால் காது கேளாதவருக்கு அது போய்ச் சேராது. எழுத்தும் படமும் உள்ள பலகை வேண்டும். அபாயச் சங்கோடு மின்னும் விளக்கும் வேண்டும். கன்னியாகுமரியில் விவேகானந்தர் பாறைக்குப் படகில் போவீர்கள், நாகப்பட்டினத்திலிருந்து இலங்கையின் காங்கேசன்துறைக்குக் கப்பலில் போவீர்கள். எங்கே போனாலும் ஏறியவுடன் அப்படியொரு பலகை கண்ணில் படுகிறதா என்று தேடுங்கள். இல்லையென்றால் வீட்டுப் பெரியவர்களோடு போய்ப் படகுத்துறை அலுவலகத்தில் ஒரு கடிதம் எழுதிக் கொடுங்கள்.