பாலைநிலமும் மழலைச் செல்வமும்

நிலத்தை ஐந்திணையாக வகுத்த தமிழர் பாலைக்குரிய ஒழுக்கமாகப் பிரிவைக் கூறினர். நீரற்ற சுரமும் நிழலற்ற வழியும் பொருள்தேடிச் செல்லுந் தலைவனைத் தலைவியினின்றும் பிரிப்பன. ஆயின், அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தென்மேற்குப் பகுதியில் இதற்கு மாறான வழக்கமொன்று நிலவுகின்றது. அங்குள்ள குடும்பத்தினர் பலர், விடுமுறை நாட்களில் தம் இளங் குழந்தைகளையும் உடன்கொண்டு பாலைநிலஞ் சென்று, கூடாரமடித்துச் சில நாட்கள் ஒருங்கு தங்குகின்றனர். பிரிவுக்குரிய நிலம் கூடியிருத்தற்குரிய நிலமாவது எங்ஙனம்? வளர்ந்தோர்க்கே கொடியதாகிய அந்நிலத்திற் குழந்தைகளைக் காத்தல் எவ்வாறு? இவற்றை விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கலிபோர்ணியா, நெவாடா, அரிசோனா, நியூ மெக்சிக்கோ முதலிய மாநிலங்களிற் பரந்து கிடப்பன மொகாவே, சொனோரா, சிவாவா என்னும் பாலைகள். இவற்றுள் மொகாவே பாலை சியரா நெவாடா மலைத்தொடரின் மறைவிலுள்ளது. பசுபிக் சமுத்திரத்தினின்று வரும் ஈரக்காற்று மலையின் மேற்குப் புறத்திலேயே மழையைச் சொரிந்துவிட, கிழக்குப் புறம் வறண்டு நிற்கின்றது. இப் பாலைகளின் சிறந்த பகுதிகள் பல தேசியப் பூங்காக்களாகப் பேணப்படுகின்றன. மரணப் பள்ளத்தாக்கு, யோசுவா மரம், சகுவாரோ என்னும் மூன்றும் 1994ஆம் ஆண்டிலே தேசியப் பூங்கா என்னும் நிலையை எய்தின. மரணப் பள்ளத்தாக்கில் 1913ஆம் ஆண்டு யூலை மாதம் 10ஆந் திகதி பதியப்பட்ட 134 பாகை பாரன்ஹைட் வெப்பமே உலகில் இதுவரை பதியப்பட்டவற்றுள் மிக உயர்ந்ததாக ஏற்கப்பட்டுள்ளது. ஆகவே, தாழ்ந்த பாலைகளுக்குக் குழந்தைகளோடு செல்வோர் கோடையை விலக்கி, நவம்பர் முதல் மார்ச் வரையுள்ள காலத்தையே தெரிந்துகொள்ளல் அறிவுடைமையாகும்.

பாலைநிலத்து இடர்களுள் முதற்கண் வைத்து எண்ணத்தக்கது நீரின்மை. குழந்தையின் உடல் வளர்ந்தோருடலின் சிற்றுருவம் மாத்திரமன்று. அதன் இயல்பே வேறு. எடையோடு ஒப்பிடுமிடத்துக் குழந்தையின் தோற்பரப்பு மிகுதி. எனவே, புறத்தேயுள்ள வெப்பம் விரைவில் உடலைத் தாக்குகின்றது. வியர்த்து உடலைக் குளிர்விக்கும் ஆற்றலோ குறைவு. அன்றியும், பாலையின் வறண்ட காற்றில் வியர்வை தோன்றியவுடனே உலர்ந்து போவதால், உடல் நீரிழப்பது கண்ணுக்குப் புலனாவதில்லை. விளையாட்டில் ஈடுபட்ட குழந்தை தாகத்தை உணராது. கைக்குழந்தைக்கோ அதனை உரைக்கும் மொழியில்லை. நாவறட்சி, சிறுநீர் குறைதல், கண்ணீரின்றி அழுதல், வழக்கத்திற்கு மாறான சோர்வு என்பனவே அதன் மொழியாகும். அம்மொழியைப் பெற்றோர் அறிந்திருத்தல் வேண்டும்.

ஒருவர்க்கு ஒரு நாளைக்கு ஒரு கலன், அஃதாவது ஏறக்குறைய 3.8 லீற்றர் நீரேனுங் கொண்டுசெல்லல் வேண்டுமென யோசுவா மரப் பூங்காவினர் அறிவுறுத்துகின்றனர். அலைந்து திரிவோர்க்கு இதுவும் போதாது. அப்பூங்காவிற் பல தங்கிடங்களிற் குடிநீர் கிடைப்பதில்லை. ஆதலின், கூடாரத்தையும் படுக்கையையும் எண்ணுமுன் நீரை எண்ணுதலே முறை. குழந்தை கேட்கும்வரை காத்திராது, சிறிது சிறிதாக அடிக்கடி அருந்தக் கொடுத்தல் நன்று. நிறுத்திய மோட்டார் வண்டியினுட் குழந்தையைச் சிறிது பொழுதேனுந் தனியே விடலாகாது. மூடிய வண்டி சில நிமிடங்களுள் உலைபோல் வெம்மையடையும்.

இனி, நாளை வகுத்துக்கொள்ளும் முறையைப் பாலைவாழ் உயிர்களிடமே கற்கலாம். கங்காரு எலி என்னும் சிற்றுயிர் நீர் அருந்தாமலே, தான் உண்ணும் வித்துக்களினின்று பெறும் நீரைக்கொண்டு உயிர்வாழ்கின்றது. பகலில் அது வளையினுள் ஒடுங்கி இரவிலேயே வெளிப்படும். அதுபோலக் குடும்பத்தினரும் காலையிலும் மாலையிலும் உலாவி, நண்பகலில் நிழலிற் கதைகூறியும் உறங்கியும் பொழுது போக்குதல் வேண்டும். வெப்பத்தைத் தடுத்து நிறுத்தும் ஈரமும் முகிலும் வானில் இன்மையால், ஞாயிறு மறைந்ததும் நிலம் விரைவிற் குளிர்கின்றது. பகலில் மெல்லாடை போதுமாயிருந்த குழந்தைக்கு இரவிற் கம்பளி தேவைப்படும். இதனை அறியாது செல்வோர் வெப்பத்திற்குத் தப்பிக் குளிரால் வருந்துவர்.

நீரின்மையால் அஞ்சப்படும் நிலம் நீரின் மிகுதியாலும் அஞ்சப்படுவது வியப்பே. யூலை முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பகுதியிற் பருவமழை பெய்யும். இறுகிய நிலமும் பாறையும் பெருமழையை விரைவில் உறிஞ்சமாட்டா. ஆதலின் அந்நீர் முழுதும் வறண்ட ஆற்றுப் படுக்கைகளில் திரண்டு பாயும். 1997ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் 12ஆந் திகதி அரிசோனாவிலுள்ள அன்ரிலோப் என்னுங் குறுகிய பள்ளத்தாக்கிற் புகுந்த வெள்ளம் பதினொருவரின் உயிரைக் கவர்ந்தது. மழை பெய்ததோ தொலைவிலுள்ள மேட்டுநிலத்தில். தலைக்குமேல் வானந் தெளிந்திருப்பது காப்பாகாது என்பதை இந்நிகழ்ச்சி உணர்த்துகின்றது. மென்மணல் பரந்த வறண்ட ஆற்றுப் படுக்கை குழந்தைகள் விளையாடுதற்கு ஏற்றதாய்த் தோன்றும். ஆயினும் அங்கே கூடாரமடித்தல் ஒருபோதுந் தகாது.

ஏனைய இடர்கள் விழிப்பினால் விலக்கத்தக்கன. அரிசோனா மரப்பட்டைத் தேளின் நஞ்சு சிறு குழந்தைகளுக்கே பெரிதுங் கேடு பயப்பது. புறவூதா ஒளியில் தேளின் உடல் பச்சொளி வீசுமாதலின், அவ்வொளி தரும் சிறு விளக்கால் இரவில் இடத்தை ஆராயலாம். காலணிகளை உதறிய பின்னரே அணிதல் வேண்டும். கல்லிடுக்கிற் கையிடாமை கிலுகிலுப்பைப் பாம்பினின்றுங் காக்கும். சொயா என்னுங் கள்ளியின் முட்கற்றை தொட்ட மாத்திரத்தே ஒட்டிக்கொள்ளும். அதனைக் கையாற் பற்றாது சீப்பொன்றினாற் கோதி எறிதல் அனுபவமுடையோர் கையாளும் வழி.

இத்துணை இடருக்கிடையே குழந்தைகள் பெறும் பயன் யாது? சகுவாரோ என்னுங் கள்ளி நாற்பது அடிக்கு மேலும் வளர்வது. மழைக்காலத்தில் நீரையுண்டு மடிப்புக்கள் விரியப் பருப்பது. அதன் இளங்கன்று வெயிலிலே தனித்து வளர்வது அரிது. பலோ வேர்டே முதலிய மரமொன்றின் நிழலிலேதான் அது பெரும்பாலும் முளைத்து, வெயிலுக்கும் பனிக்குந் தப்பி வளர்கின்றது. அம்மரத்தைச் செவிலி மரம் என்பர். பாலைவாசிகள் என்னும் பொருளுடைய தொகோனோ ஓதம் மக்கள், கோடையில் சகுவாரோவின் கனிகளை நீண்ட கோல்களாற் பறித்து உண்பர். அக்கோல்களும் பட்ட சகுவாரோவின் நரம்புகளாலானவை. வறிதெனத் தோன்றும் நிலமும் அறிந்தோர்க்கு இல்லமாதலைக் குழந்தைகள் இங்கே கண்கூடாகக் காண்கின்றனர். இளங் காவலர் என்னுந் திட்டத்தின்கீழ், பூங்காவைப் பற்றிய பயிற்சி நூலை நிறைவு செய்யுஞ் சிறார்க்குப் பூங்காவினர் சின்னமொன்றை வழங்குகின்றனர்.

நியூ மெக்சிக்கோவிலுள்ள வெண்மணற் பூங்காவில், பதினாயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட அடிச்சுவடுகள் காணப்பட்டுள்ளன. அவற்றைப் பற்றி 2020ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வு ஒன்று, பெண்ணொருத்தியோ இளைஞன் ஒருவனோ ஒரு குழந்தையைச் சுமந்து ஒன்றரைக் கிலோமீற்றருக்கு மேல் விரைந்து நடந்தமையை எடுத்துக் காட்டுகின்றது. இடையிடையே குழந்தையின் சிற்றடிகளும் பதிந்துள்ளன. சுமந்தவர் சற்றே இறக்கிவிட்டு மீளவும் எடுத்துச் சென்றனர் போலும். அக்காலத்தில் அவ்விடம் பாலையன்று, ஏரிக்கரையாயிருந்தது; யானையினத்ததாகிய பேருயிர்கள் அவ்வழியைக் குறுக்கிட்டுச் சென்றன. நிலம் மாறியது, விலங்குகள் மறைந்தன, குழந்தையைச் சுமந்து செல்லுங் கடமையோ மாறவில்லை.

செவிலி மரத்தின் நிழலிற் சகுவாரோக் கன்று வளர்வதுபோல, பெற்றோரின் அறிவாகிய நிழலிலேயே குழந்தை பாலையிற் பாதுகாப்புறுகின்றது. துணிச்சல் அந்நிழலைத் தாராது. நீர் எங்கே இல்லை, எப்பொழுது பெருகி வரும் என்னும் இரண்டையும் அறிந்த குடும்பத்திற்கே பாலை கூடியிருத்தற்குரிய நிலமாகும்.