எந்தக் கதவைத் தட்டுவது?

நூறு மாணவர் இருந்தால் ஓர் ஆலோசகர் வேண்டும் என்கிறது உச்ச நீதிமன்றம். யாரிடம் போவது, சொன்னது வெளியே போகுமா என்பது தெரியாமல் வாசலிலேயே நிற்கிறார்கள் புனே மாணவர்கள்.

சென்னைக்குக் கீழ்ப்பாக்கம் எப்படியோ, புனேவுக்கு எரவாடா அப்படி. காந்தி சிறையிருந்த இடம் என்பதைவிட மனநல மருத்துவமனை இருக்கும் இடம் என்றே உள்ளூர்ப் பேச்சில் அது அடிபடுகிறது. 'இவனை எரவாடாவுக்குத்தான் அனுப்ப வேண்டும்' என்பது கல்லூரி கேன்டீனில் சாதாரணக் கேலி. சொல்பவனுக்கு ஒரு நொடிச் சிரிப்பு. மூன்று வாரமாகத் தூக்கமில்லாமல் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருப்பவனுக்கு அது ஓர் எச்சரிக்கை: வாயைத் திறக்காதே.

இப்படி வாயை மூடிக்கொண்டவர்கள் எத்தனை பேர் என்று கணக்கெடுக்க வழியில்லை. கடைசி முடிவுக்குப் போனவர்களின் கணக்கு மட்டும் இருக்கிறது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின்படி 2022இல் நாட்டில் 13,044 மாணவர்கள் தற்கொலை செய்துகொண்டார்கள். 1,764 பேருடன் மகாராஷ்டிரம் முதலிடம். 1,416 பேருடன் தமிழ்நாடு இரண்டாமிடம்.

'கிழக்கின் ஆக்ஸ்போர்டு' என்ற பட்டம் புனேவுக்குப் பழையது. 1885இல் தொடங்கிய ஃபெர்குசன் கல்லூரி, 1949இல் பிறந்து இப்போது சாவித்ரிபாய் புலே பெயரைத் தாங்கும் பல்கலைக்கழகம், ராணுவ மருத்துவக் கல்லூரி, திரைப்படக் கல்லூரி என்று தேசமெங்கிலுமிருந்து பிள்ளைகள் வந்து சேருகிறார்கள். சதாசிவ பேட்டையின் சந்துகளில் வேறொரு கூட்டம். மராத்வாடாவிலிருந்தும் விதர்பாவிலிருந்தும் அரசுத் தேர்வுக்குப் படிக்க வந்தவர்கள். 'அப்யாசிகா' எனப்படும் படிப்பறையில் மாத வாடகைக்கு ஒரு நாற்காலி, மெஸ்ஸில் இரண்டு வேளைச் சாப்பாடு, ஊரில் காத்திருக்கும் குடும்பம். ஒரு முயற்சி தவறினால் அடுத்த ஆண்டு. அதுவும் தவறினால்?

கதவுகளுக்குப் புனேயில் பஞ்சமில்லை. 2,500க்கு மேற்பட்ட படுக்கைகளுக்காக அமைந்த எரவாடா மருத்துவமனை நாட்டின் மிகப் பெரிய மனநல மருத்துவமனைகளில் ஒன்று. சசூன் அரசு மருத்துவமனை வளாகத்தில் மகாராஷ்டிர மனநல நிறுவனம் இருக்கிறது. தனியார் கிளினிக்குகள் தெருவுக்குத் தெரு. ஆனால் வாசலில் தொங்கும் பலகைகளில் எது எதற்கு என்பதில்தான் குழப்பம்.

மனநல மருத்துவர், அதாவது சைக்கியாட்ரிஸ்ட், எம்.பி.பி.எஸ். முடித்து மனநல மருத்துவத்தில் மேற்படிப்புப் படித்தவர். நோயைக் கண்டறிந்து மருந்து எழுதுவது அவர் வேலை. தைராய்டு கோளாறுகூட மனச்சோர்வு போல வேடம் கட்டும் என்பதால் ரத்தப் பரிசோதனையும் கேட்பார். மனச்சோர்வுக்கு அவர் தரும் மாத்திரை தலைவலி மாத்திரை போல உடனே கேட்காது. பலன் தெரியச் சில வாரங்களாகும். இது தெரியாமல் ஐந்தாம் நாளே நிறுத்திவிடுகிறவர்கள் உண்டு.

கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் எனப்படும் மருத்துவ உளவியலாளர் மருந்து எழுத மாட்டார். உளவியலில் முதுகலை முடித்து, நோயாளிகளுக்கு நடுவே மேற்பார்வையில் இரண்டாண்டுப் பயிற்சி பெற்று, இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு செய்தவர். பரிசோதனைகள் நடத்துவார், பேச்சு மூலம் சிகிச்சை தருவார். 'இந்தத் தேர்வில் தோற்றால் நான் எதற்கும் லாயக்கில்லை' என்ற எண்ணத்தை எடுத்து மேசைமேல் வைத்து, அது எவ்வளவு தூரம் உண்மை என்று மாணவனையே ஆராய வைப்பது அவருடைய முறைகளில் ஒன்று.

மனநல சமூகப் பணியாளர் இன்னொரு வகை. குடும்பம், விடுதி, பணம், கல்லூரி என்று நோயாளியைச் சுற்றியுள்ள உலகத்தோடு பேசுகிறவர். ஓர் ஆண்டு படிப்பை நிறுத்திவைக்க நேர்ந்தால், அதை வீட்டில் எப்படிச் சொல்வது என்பதற்கு அவரைப் போல வழிகாட்டக்கூடியவர் இல்லை. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் இந்த மூவருக்கும் என்ன படிப்பு வேண்டும் என்று இலக்கணம் வகுத்திருக்கிறது.

நான்காமவர்தான் மாணவன் முதலில் பார்க்கக்கூடியவர்: ஆலோசகர், கவுன்சலர். வீட்டு நினைவு, காதல் முறிவு, படிப்பில் மனம் செல்லாமை, அறை நண்பனோடு மனக்கசப்பு போன்றவற்றுக்கு அவர் போதும். பெரும்பாலும் வாரம் ஒருமுறை, முக்கால் மணி நேரம். சிக்கல் என்னவென்றால், முறையாகப் படித்தவரும் இரண்டு வார வகுப்பில் சான்றிதழ் வாங்கியவரும் அதே பலகையைத் தொங்கவிட முடிந்திருக்கிறது. இந்தத் துறையை ஒழுங்குபடுத்த 2021இல் ஒரு சட்டம் வந்தது. ஆனாலும் என்ன படித்தீர்கள், எங்கே பயிற்சி பெற்றீர்கள் என்று கேட்பது மாணவனின் உரிமை. நல்ல ஆலோசகர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

தன்னால் முடியாதது எது என்று தெரிந்திருப்பது அவருக்கு இன்னொரு அடையாளம். வாரக்கணக்கில் தூக்கமின்மை, யாருமில்லாதபோது குரல் கேட்பது, உண்ணாமை, சாவைப் பற்றிய எண்ணம் என்றால் அவர் மனநல மருத்துவரிடம் அனுப்பியாக வேண்டும். அனுப்புவதால் மாணவனைக் கைவிடுகிறார் என்று பொருளல்ல.

2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் பதினைந்து நெறிமுறைகளை வகுத்தது. விசாகப்பட்டினத்தில் நீட் பயிற்சி பெற்றுவந்த 17 வயது மாணவியின் மரணம் பற்றிய வழக்கில் வந்த தீர்ப்பு அது. நூறு அல்லது அதற்கு மேல் மாணவர் உள்ள ஒவ்வொரு கல்வி நிறுவனமும் பயிற்சி பெற்ற ஓர் ஆலோசகரையோ உளவியலாளரையோ சமூகப் பணியாளரையோ நியமிக்க வேண்டும். சிறிய நிறுவனங்கள் வெளியிலுள்ள நிபுணர்களோடு தொடர்பு வைத்துக்கொள்ள வேண்டும். பயிற்சி மையங்களும் இதற்குள் வருகின்றன. ஆனால் அப்யாசிகாவில் நாற்காலி பிடித்துத் தானே படிக்கும் இளைஞன் எந்த நிறுவனத்தின் மாணவனும் அல்ல. அவனை யார் கணக்கில் வைப்பார்கள்?

நியமனத்தைவிடப் பெரிய கேள்வி, சொன்னது அறையைத் தாண்டுமா என்பது. கல்லூரி முதல்வருக்குத் தெரிந்தால்? வீட்டுக்குத் தகவல் போனால்? நாளை வேலைக்கும் கல்யாணத்துக்கும் தடையானால்? 2017 சட்டத்தின் 23ஆவது பிரிவு, சிகிச்சை தரும் மருத்துவ நிபுணர்கள் நோயாளியின் தகவலை ரகசியமாக வைக்கக் கடமைப்பட்டவர்கள் என்கிறது. விதிவிலக்குகள் சில உண்டு: உயிருக்கு ஆபத்து, பிறருக்குத் தீங்கு நேரும் அபாயம், நீதிமன்ற ஆணை போன்றவை. பதினெட்டு வயது நிறையாதவர் என்றால் பெற்றோருக்குப் பங்கு உண்டு. ஆனால் கூடுதல் பொறுப்பாக ஒரு பேராசிரியரே ஆலோசகர் நாற்காலியில் அமர்ந்திருந்தால், இந்தப் பிரிவு அவரைக் கட்டுப்படுத்துமா என்பது சந்தேகமே. உள் மதிப்பெண் போடும் கையிடம் எந்த மாணவன் மனம்விட்டுப் பேசுவான்?

மருத்துவத்தின் மீதே கேள்வி எழுப்பியவர்களும் புனேயில் இருந்தார்கள். சென்னைக் குடும்பத்திலிருந்து வந்த பார்கவி தாவர் 1999இல் தன் தாயின் பெயரால் பாபு டிரஸ்டை இங்கே தொடங்கினார். மனநோயாளி என்று முத்திரை குத்தப்பட்ட தாயின் வாழ்க்கை அவரைச் செலுத்தியது. கட்டாயச் சிகிச்சையை எதிர்த்து, அக்கம்பக்கத்தாரின் துணையே முதல் மருந்து என்ற நோக்கில் நகரின் குடிசைப் பகுதிகளில் அவரது அமைப்பு பணி செய்தது. 2024இல் அவர் மறைந்தார். மருந்து தேவைப்படுபவருக்கு மருந்து தேவைதான். ஆனால் நோயாளியைக் கேட்காமல் எதுவும் கூடாது என்ற அவரது வாதம், முதன்முறை மருத்துவர் எதிரே உட்காரும் மாணவனுக்கும் பொருந்தும். இது என்ன மருந்து, எவ்வளவு நாள், வேறு வழி உண்டா என்று அவன் கேட்கலாம்.

போதைப் பழக்கம் என்றால் 1986இல் டாக்டர் சுனந்தாவும் எழுத்தாளர் அனில் அவசட்டும் தொடங்கிய முக்தாங்கண் இருக்கிறது. நிபுணரிடம் போகும் துணிவு வராதவர்களுக்குக் காதுகொடுத்துக் கேட்கும் தொண்டர்கள் இருக்கிறார்கள். புனேயில் 'கனெக்டிங்', சென்னையில் 1986 முதல் 'ஸ்நேகா' இவ்வகை. 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் சேவைக்கு 14416 என்ற எண்ணில் எந்நேரமும் கட்டணமின்றிப் பேசலாம். தமிழிலும் பேசலாம். மராத்தி பிடிபடாத ஊரில், பாதி ஆங்கிலத்தில் அழத் தெரியாத பிள்ளைக்கு அது சிறிய விஷயமல்ல.

ஆகவே எந்தக் கதவு என்பதைவிட ஏதாவதொரு கதவு என்பதே முதல் தேவை. ஆலோசகரிடம் போய் உட்கார்ந்ததும் மூன்று கேள்விகள் போதும்: உங்கள் படிப்பு என்ன? நான் சொல்வதை யாரிடமெல்லாம் சொல்வீர்கள்? உங்களால் முடியாவிட்டால் யாரிடம் அனுப்புவீர்கள்? மூன்றுக்கும் நேரான பதில் வந்தால் அடுத்த வாரமும் போகலாம். வராவிட்டால் இந்த ஊரில் வேறு கதவுகள் உண்டு. இந்த மூன்று பதில்களையும் கேட்காமலே தெரியும்படி அறிவிப்புப் பலகையில் எழுதிப் போட, கல்லூரிகளுக்குப் பெரிய செலவொன்றும் ஆகாது.