தைலம் தேய்த்துக்கொள்ளுமுன்

மூலிகைகளுக்குப் பெயர்பெற்ற கொல்லிமலைக்கு வருவோருள் சிலர் தைலத் தேய்ப்பையும் நாடுகின்றனர். இதனைத் தொக்கணம் என அழைக்கும் சித்த மருத்துவம், தட்டல், இறுக்கல், பிடித்தல் என 9 வகையாகப் பகுக்கிறது.

உண்டவுடன் செல்லலாகாது. உட்கொள்ளும் மருந்துகளை மறைக்காமல் கூறிவிட வேண்டும். காய்ச்சல், தோற்புண், எலும்பு முறிவு உடையோர் தவிர்ப்பாராக. ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தால் மருத்துவரிடமே செல்லுங்கள். உள்ளே உறைந்த இரத்தக்கட்டி தேய்ப்பினால் பெயர்ந்து, நுரையீரலை அடைத்து உயிரையே பறிக்கக்கூடும்.

இம்மலையில் குழந்தைப் பருவத்தைக் கழித்த மருத்துவர் பால் பிராண்ட், 1946 முதல் வேலூரில் பணியாற்றினார். தொழுநோயாளரின் கைகால்கள் சிதைவதற்கு வலியுணர்வை இழத்தலே பெருங்காரணம் என அவர் எடுத்துக்காட்டினார். நீரிழிவால் பாதம் மரத்தோர்க்கும் அதே ஆபத்துதான். வலிக்காத காலை நல்ல கால் என்று எண்ணிவிடாதீர்கள்! கொதிதைலம் பட்டாலும் அது அறியாது. நம் பெரியவர்கள் இதனைச் சொல்லக் கூசுவார்கள்; உடன் செல்லும் பிள்ளைகளே முதலில் சொல்லிவிடுங்கள்.