ரோபோ ஏன் நகரலை? தப்பு புரோகிராமில் இல்லை



போன எபிசோடில் ரோபோ பற்றிப் பேசும்போது, "சேசிஸ் ஒண்ணு வாங்கி மாட்டிட்டா போதும், மத்ததெல்லாம் சாஃப்ட்வேர்தான்"னு நான் ஈசியாகச் சொல்லிட்டேன். அப்போ நான் ஒரு சேசிஸ் கூட மாட்டினதில்லை. இப்போ மாட்டியாச்சு. சொன்னதை வாபஸ் வாங்கிக்கிறேன்.

நான் செய்ய நினைச்சது ரொம்பச் சின்ன விஷயம். ஒரு தட்டு, இரண்டு பக்கமும் ஆளுக்கொரு மோட்டார், மூணாவது காலுக்கு எந்தப் பக்கமும் உருளும் ஒரு குட்டிச் சக்கரம். ஸ்டியரிங் கிடையாது. இரண்டு மோட்டாரும் ஒரே வேகத்தில் ஓடினால் நேராகப் போகும். ஒண்ணு மெதுவானால் அந்தப் பக்கம் திரும்பும். எதிரெதிராக ஓடினால் நின்ற இடத்திலேயே சுத்தும்.

முதல் சிக்கல், பார்ட்ஸ் எங்கே வாங்குறது? சென்னையில் இருந்தால் அண்ணா சாலையில் இறங்கி ரிச்சி தெருவுக்குள் நுழைந்து, "அண்ணே, பிஓ மோட்டார் இருக்கா?"ன்னு கேட்டால் முடிஞ்சது. இங்கே ராஸ் அல் கைமாவில், நகீல் பக்கம் மொபைல் ரிப்பேர் கடை இருக்கு, ஹார்டுவேர் கடை இருக்கு, மோட்டார் டிரைவர் விக்கிற கடை என் கண்ணில் படலை. துபாய் போகணும்னா 100 கிலோமீட்டர் சொச்சம். அதனால ஆன்லைன்தான். இதில் ஒரு குறிப்பு: நம்ம ஊரில் பிஓ மோட்டார்னு சொல்லும் அந்த மஞ்சள் பிளாஸ்டிக் கியர் மோட்டாருக்கு வெளியூர் சைட்களில் பேர் டிடி மோட்டார். பழைய பேரில் தேடி ஒரு சாயங்காலம் வீணாச்சு. கியர் விகிதம் 1:48ன்னு போட்டிருப்பதை எடுங்க. 6 வோல்ட்டில் சுமை இல்லாமல் நிமிஷத்துக்கு 200 சுற்று வாக்கில் ஓடும். 65 மில்லிமீட்டர் சக்கரம் போட்டால் செகண்டுக்கு 68 சென்டிமீட்டர். ரூமுக்குள் ஓட அது தாராளம்.

கிட் வந்தது, மாட்டினேன், அர்டுயினோவில் புரோகிராம் ஏத்தினேன். மோட்டார் "ம்ம்ம்"னு முனகியது. நகரலை. கையில் தூக்கிப் பிடித்தால் சக்கரம் சுத்துது, தரையில் வைத்தால் நிக்குது. நான் படிச்சது கம்ப்யூட்டர் சயின்ஸ், அதனால சந்தேகம் முதலில் புரோகிராம் மேல. இரண்டு சனி, ஞாயிறு அதையே மாத்தி மாத்தி எழுதினேன். மூணாவது வாரம்தான் மல்டிமீட்டரை எடுக்கத் தோணுச்சு. பேட்டரி முனையில் 4.9 வோல்ட். மோட்டார் முனையில் 2.7.

நடுவில் 2 வோல்ட்டை யார் தின்னது? கிட்டோடு வந்த எல்298என் டிரைவர். கறுப்பு ஹீட்சிங்க் வைத்த சிவப்பு போர்டு, யூடியூபில் பாதி வீடியோவில் இதுதான் இருக்கும். அதுக்குள் இருப்பது பழைய பைபோலார் டிரான்சிஸ்டர்கள். கரண்ட் மோட்டாருக்குப் போகும்போது ஒண்ணு, திரும்பும்போது ஒண்ணு என இரண்டைத் தாண்டணும், இரண்டும் கமிஷன் எடுக்கும். 1 ஆம்பியர் ஓடினால் மொத்தம் 1.8 முதல் 3.2 வோல்ட் வரை போகும்னு டேட்டாஷீட்டே சொல்லுது. அந்தப் பெரிய ஹீட்சிங்க் எதுக்குன்னு அப்போதான் புரிஞ்சுது. தின்ன வோல்ட்டெல்லாம் சூடாக வெளியே போகணுமே.

இதுக்கு இணையத்தில் எல்லோரும் சொல்லும் வைத்தியம், நாலு ஏஏ செல்லைத் தூக்கிட்டு இரண்டு 18650 லித்தியம் செல் போடு, 7.4 வோல்ட் கிடைக்கும், 2 போனாலும் மிச்சம் போதும். நானும் போட்டேன். ஒரு ஆன்லைன் கடையில் "9900 எம்ஏஹெச்"னு அச்சடிச்ச செல், விலை ரொம்பக் கம்மி. ராத்திரி சார்ஜ் போட்டு படுத்துட்டேன். ரூமில் நாங்க நாலு பேர். பக்கத்துக் கட்டில் அண்ணன் ராமநாதபுரத்துக்காரர், அவர்தான் எழுப்பினார். "தம்பி, என்னமோ பொசுங்குற வாடை வருது." செல்லைத் தொட முடியலை, அவ்வளவு சூடு. பிளக்கைப் பிடுங்கி, டவலில் சுத்தி, பால்கனி சிமென்ட் தரையில் கொண்டு போய் வைத்தோம். தீ பிடிக்கலை. பிடிச்சிருந்தால் ஒரே கதவு, நாலு கட்டில். அவர் திட்டவே இல்லை, "இனிமே இதை ரூமுக்குள்ள போடாதே"ன்னு மட்டும் சொல்லிட்டுத் திரும்பிப் படுத்தார்.

மறுநாள் கிச்சன் தராசில் வைத்துப் பார்த்தேன், 31 கிராம். ஒழுங்கான 18650 செல் 45 கிராம் பக்கத்தில் இருக்கும். அந்த அளவு செல்லில் 9900 எம்ஏஹெச்னு ஒண்ணு கிடையவே கிடையாது. நல்ல கம்பெனி செல்களே பெரும்பாலும் 3500 பக்கம் நின்னுடும்.

எல்298என் போர்டைத் தூக்கி எறிஞ்சால் லித்தியம் செல்லே தேவையில்லை, இதுதான் எனக்கு லேட்டாக உறைச்சது. டிஆர்வி8833 அல்லது டிபி6612, இரண்டுமே மாஸ்ஃபெட் வகை டிரைவர், வோல்ட்டேஜ் இழப்பு ரொம்பக் கம்மி. நான் டிஆர்வி8833 போட்டேன். கட்டைவிரல் நகம் அளவு போர்டு, ஹீட்சிங்க் இல்லை, 2.7 வோல்ட்டிலேயே வேலை செய்யும். அதே நாலு ஏஏ, ஆனால் ரீசார்ஜபிள் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு. மொத்தம் 4.8 வோல்ட், அநேகமாக முழுசா மோட்டாருக்குப் போகுது. இந்த செல் பெரிய சூப்பர்மார்க்கெட்டில் கிடைக்கும். அர்டுயினோவுக்குத் தனியாக ஒரு போன் பவர் பேங்க். அதுவும் லித்தியம்தான், ஆனால் பாதுகாப்பு சர்க்யூட்டோடு மூடி வருது, வெறும் செல்லைக் கையாள வேண்டியதில்லை. (சில பவர் பேங்க் கரண்ட் போதலைன்னா தானாக அணைஞ்சிடும், வாங்கும்முன் சோதிச்சுப் பாருங்க.) இரண்டு சப்ளையின் கிரவுண்டையும் ஒண்ணா சேர்க்கணும், மறந்தால் மோட்டார் இஷ்டத்துக்கு ஆடும்.

தட்டு விஷயம். கிட்டில் வந்த 3 மில்லிமீட்டர் அக்ரிலிக், ஸ்க்ரூவைக் கொஞ்சம் இறுக்கினதும் விரிஞ்சது. அடுத்தது பிஎல்ஏ பிளாஸ்டிக்கில் 3டி பிரின்ட். அதை ஒரு மத்தியானம் காரில் விட்டுட்டேன், ஆகஸ்ட் மாசம். பிஎல்ஏ 60 டிகிரியில் இளக ஆரம்பிக்கும், வெயிலில் நிற்கும் கார் டாஷ்போர்டு இங்கே அதைத் தாண்டும். அப்பளம் மாதிரி வளைஞ்சு கிடந்தது. கடைசியில் காப்பாத்தினது அதே ராமநாதபுரத்து அண்ணன்தான். அவருக்கு வேலை சைன்போர்டு செய்யும் கடையில். 20க்கு 14 சென்டிமீட்டர்னு வரைஞ்சு கொடுத்தேன், கழிவில் கிடந்த 5 மில்லிமீட்டர் அக்ரிலிக்கில் லேசர் கட் பண்ணிக் கொண்டுவந்தார். ரூமில் லித்தியம் செல் இல்லைன்னு உறுதி வாங்கிட்டுத்தான் கொடுத்தார். வளைகுடாவில் எந்தச் சின்ன ஊரிலும் இந்த மாதிரிக் கடை இருக்கும், போய்க் கேளுங்க.

மோட்டாரை மாட்ட நீள எம்3 ஸ்க்ரூ கிடைக்கலை, கேபிள் டை போட்டு இறுக்கினேன், இன்னும் அசையலை. மூணாவது சக்கரத்துக்கு ரோல்-ஆன் டியோடரன்ட் பாட்டில் மூடிக்குள் இருக்கும் பந்து. டைல்ஸ் தரையில் வெண்ணெய் மாதிரி வழுக்குது. பேட்டரியை மட்டும் மோட்டார் அச்சுக்கு மேலேயே வைங்க. எடை அந்தப் பந்து மேல போனால் ஓட்டுற சக்கரத்துக்குப் பிடிமானம் போயிடும், டைல்ஸில் சும்மா வழுக்கிச் சுத்தும்.

ஊருக்குப் போயிட்டு வரும்போது ரிச்சி தெருவில் வாங்கி வரலாமான்னு இரண்டு பேர் கேட்டிருந்தீங்க. மோட்டார், டிரைவர், சக்கரம் எல்லாம் பெட்டியில் போடலாம். லித்தியம் செல் கூடாது, உதிரி செல்லைக் கைப்பையில்தான் எடுத்துட்டுப் போகணும், முனையை டேப் ஒட்டி மூடணும். பயணிகள் விமானத்தில் லித்தியம் அயான் செல்லைத் தனிச் சரக்காக அனுப்ப 2016 ஏப்ரல் 1 முதல் உலக அளவில் தடை. மாட்டி முடிச்ச ரோபோவை அப்படியே எடுத்துட்டுப் போகாதீங்க. ஒயரும் பேட்டரியுமாக ஸ்கேனரில் பார்த்தால் விளக்கம் சொல்லியே பிளைட் போயிடும்.

இப்போ ஓடுது. ஆனால் இடது பக்கம் இழுக்குது, ரூம் கதவிலிருந்து ஜன்னலுக்குப் போறதுக்குள் ஒரு முழம் விலகிடுது. ஒரே பையில் வந்த இரண்டு மோட்டாரும் ஒரே வேகம் இல்லை. கிட்டில் 20 துளை போட்ட ஒரு கறுப்பு வட்டு வந்திருக்கும், எதுக்குன்னு தெரியாமல் நான் டிராயரில் போட்டு வச்சிருந்தேன். அதை மாட்டி, சக்கரம் எத்தனை துளை சுத்துச்சுன்னு எண்ணி சரி பண்ணும் வேலை அடுத்த இதழில். உங்க வட்டையும் தேடி எடுத்து வைங்க.